பட்டைச்சாயம் போட்ட நூல்

பெரியகல்லாறு
14.08.2010

அன்பு மகள் றஜிதாவுக்கு,

கண்ணகை அம்மாளின் துணையில் அப்பா சுகமாக இருக்கிறேன். சுகம் என்றால் காய்ச்சல் தடிமன் இல்லை, முழங்கால் மட்டும் பழையபடி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நீயும் மாப்பிள்ளை உதயரூபனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கலியாணத்துக்கு வர எனக்கு விசா தரவில்லை என்று ரெலிபோனில் சொன்னபோது நீ அழுதாய், நான் சிரித்தேன். வைத்த பிறகு நானும் அழுதேன், இதை உன்னிடம் மறைத்து என்ன.

சண்டை முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. றோட்டில் மறித்துச் சோதிக்கிற ஆமிச் சென்றி இல்லை, நினைத்த நேரம் வாவியில் தோணி விடலாம், பிடித்துவந்த மீனை ஆக்கித் தின்னத்தான் ஆள் இல்லை. நம் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நானும் அப்படி உன் அம்மாவின் வீட்டுக்கு வந்தவன்தான். அந்த வீட்டையும் அவளையும் கடல் கொண்டுபோன பிறகு அதே வளவில் உன் பெயரில் கட்டின வீடு இது. நீங்கள் இருக்கவேண்டிய வீட்டில் நான் காவல் இருக்கிறேன்.

கலியாணத்துக்குக் கையில் பூச்செண்டு பிடிக்கவேண்டும், சிவப்பு வேண்டாம், வைக்கோல் நிறம், சந்தன நிறம், மண்ணிறம் இவைதான் விருப்பம் என்று சொன்னாயே. எனக்கு உள்ளுக்குள் கோபம். மணப்பெண்ணுக்கு வாடின நிறமா என்று முணுமுணுத்தேன். பிறகு வயல்வட்டைப் பக்கம் போனபோது வெட்டுக்கு நின்ற நெல்லைக் கண்டேன், மனம் மாறிவிட்டது. நானே கட்டி அனுப்புவோம் என்று நெற்கதிர், கமுகம்பாளை, காய்ந்த தாமரைக்காய், கரையில் நின்ற நாணற்பூ எல்லாம் சேர்த்தேன். எனக்குத் தெரிந்தது வலை முடிச்சு, அதைப் போட்டு இறுக்கினேன். ஒரு பாளை கழுத்து முறிந்துபோனது. மிச்சத்தைத் தாண்டவன்வெளியில் மாதா கோயில் கலியாணங்களுக்குப் பூக்கட்டும் பிலோமினாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அண்ணன், இது கலியாணத்துக்கா, களத்தில போட்டுச் சூடடிக்கவா?" என்று கேட்டாள்.

கேலி பண்ணினாலும் சொல்லித்தந்தாள். நீயும் தெரிந்துகொள். இடக்கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகப் பிடித்து, ஒவ்வொரு தண்டையும் ஒரே பக்கம் சரித்து வைக்கவேண்டும், வைக்க வைக்கச் செண்டைத் திருப்பவேண்டும். எல்லாம் சேர்ந்து ஒடுங்குகிற இடத்தில் நூலைச் சுற்றவேண்டும், நெரிக்கக்கூடாது. அடியை ஒரே மட்டமாக வெட்டினால் தானாகவே நிற்கும். நான் கட்டினது மேசையில் நின்றது மகள். வீட்டுக்கு யாரோ வந்து நிற்பதுபோல இருந்தது, கதிரையைப் போட்டு அதற்கு முன்னால் இருந்துவிட்டேன்.

ஆனால் தபால் கந்தோரில், நெல்லும் பூவும் அந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்க ஐயா என்று திருப்பித் தந்துவிட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து அதே மேசையில் வைத்தேன். பாளை கறுத்து உதிர்கிறது. எனக்குக் கூட்ட மனமில்லை.

அதனால் பூவை நீ அங்கேயே வாங்கிக்கொள். கட்டுவதற்கு நூல் மட்டும் இதற்குள் வைத்திருக்கிறேன். நைலோன் வந்த பிறகும் நான் ஒரு பருத்தி வீச்சுவலை வைத்திருந்தேனே, உக்கிப்போகாமல் இருக்க அம்மா வாவிக்கரைக் கண்டல் மரத்துப் பட்டை அவித்து அதற்குச் சாயம் போடுவாள். அவள் விரல்களில் எந்த நேரமும் அந்த நிறம் இருக்கும், சோறு தீத்தும்போது நீகூடச் சிணுங்குவாய். அவளுடைய படம் ஒன்றும் மிஞ்சவில்லை, நிறம் மட்டும் எனக்கு நல்ல ஞாபகம். இந்த நூலில் அது வரும்வரை பட்டையைத் திரும்பத் திரும்ப அவித்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையோடு சின்னச் சின்ன விசயத்துக்கு முகத்தை நீட்டாதே. கண்ணகை அம்மாள் உங்கள் இரண்டு பேரையும் பிள்ளை குட்டிகளோடு நல்லாக வைத்திருப்பாள். கலியாணத்தன்று செண்டில் இந்த நூலுக்கு மேலே ரிபன் சுற்றி மறைத்துவிடாதே. பிடித்திருக்கும்போது வியர்வையில் சாயம் விரல்களில் ஒட்டும். ஊத்தை என்று கழுவிவிடாதே மகள், அப்படியே நின்று படம் எடுத்து எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
க. வினாயகமூர்த்தி