உன் அளவுக்கு இறங்கமாட்டேன் என்றேன்

மாப்ள,

இன்று மதியம் லேப்டாப்பில் பஸ் ஓட்ட உட்கார்ந்தேன். உள்ளே ஃபேன் இரைந்தது, சூடேறிய பிளாஸ்டிக் வாசம் வந்தது. உடனே உன் சிரிப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் என்னைக் கேலி செய்வதற்கு மட்டும் நீ லீவு போடவில்லை.

வாரமெல்லாம் காளவாசல் ஸ்டாண்டில் லோடு ஆட்டோ ஓட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை விளாங்குடியில் உன் வீட்டில் உட்கார்ந்து கேமில் பஸ் ஓட்டுவோம். அதில் எந்த நாட்டு ரோடு வந்தாலும் நமக்கு அது உசிலம்பட்டி ரோடுதான். கடைசியில் வருகிறவன் பருத்திப்பால் வாங்க வேண்டும்.

முதலில் உன் லேப்டாப் ஒன்றுதான் இருந்தது. மாறி மாறி ஓட்டுவோம். ஸ்டாண்டில் யார் லேப்டாப் வாங்கினாலும் உன்னிடம்தான் யோசனை கேட்டார்கள். ஆறாவதைத் தாண்டாத நாம் இரண்டு பேரில் உனக்கு மட்டும் என்ன கொம்பா? எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் சொல்லாமல் கடைக்குப் போனேன். உன் திரை சாதாரண ஃபுல் எச்டி. ஃபோர்கே திரையில் அதைப்போல நான்கு மடங்கு புள்ளிகள் என்றார் கடைக்காரர். அதற்குமேல் நான் ஒரு கேள்வி கேட்காமல் அதையே வாங்கினேன்.

உன் வீட்டில் திறந்தபோது படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பஸ் கிளம்பியதும் விக்கியது. நீ லேப்டாப்பைத் தூக்கி ஸ்டிக்கரைப் படித்தாய்.

"கிராபிக்ஸ் கார்டு சின்னதுடா மாப்ள. அம்புட்டுப் புள்ளியையும் இதுதான வரையணும்? நம்ம வண்டி இஞ்சின்ல பத்துச் சக்கர லாரித் தொட்டிய மாட்டுனா மேடு ஏறுமா?"

"வேற வழி?"

"கேமுக்குள்ள போயி அளவ ஃபுல் எச்டிக்கு இறக்கு. நல்லா ஓடும்."

"உன் அளவுக்கு நான் இறங்கணுமாக்கும்?"

"இறங்காட்டி பருத்திப்பால் வாங்கு."

வாங்கினேன், மாதக்கணக்கில். கேமில் நீ கடைசி ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும்போது நான் முதல் வளைவில் விக்கிக்கொண்டு நிற்பேன். அதை நீ வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நல்லவனாக இருப்பதிலும் நீயே முந்திக்கொண்டாய். திடீரென்று ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனதிலும்.

போன வாரம் ஸ்டாண்டில் ஒருவர் தன் மகளுக்கு லேப்டாப் வாங்க என்னிடம் யோசனை கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"மொதல்ல கார்டப் பாருங்கண்ணே. அது எம்புட்டுத் திரைய இழுக்குமோ அம்புட்டு வாங்குங்க. நடுத்தரக் கார்டுனா ஃபுல் எச்டி போதும்."

உன் பேரைச் சொல்லவில்லை. நேற்று வாங்கிவந்து காட்டினார், அருமையாக ஓடுகிறதாம். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அப்படியே அவரு பேசுன மாதிரியே இருந்துச்சுப்பா," என்றார்.

என் வாயால் சொன்னதற்கும் பேர் உனக்குத்தான். சரி, வைத்துக்கொள்.

இன்று அந்த ஃபேன் சத்தத்துக்கு நடுவில் அளவை இறக்கிவிட்டேன். பஸ் ஒரு விக்கல் இல்லாமல் கடைசி ஸ்டாண்டுக்குப் போனது. முதலில் வந்துவிட்டேன், மாப்ள. எனக்குப் பின்னால் வர ஆள்தான் இல்லை. என் திரை இப்போது உன் அளவில் ஓடுகிறது. அதை இனி ஏற்றப்போவதில்லை.