ஆயிரத்து நூறு கல்லும் ஒரு கல்லும்

மூடிய கதவின் இருமருங்கும் காத்து நிற்கும் பெருமக்களே! தாம்பரத்தின் கிழக்கே வாழும் நம்மைப் பெருஞ்சாலையிலிருந்து பிரிக்கிறது இந்த இருப்புப்பாதை. இதன்மேல் ஒரு பாலம் கேட்டுக் கூடியிருக்கிறோம். ஆயினும் இன்று நான் உங்களோடு பேசப்போவதில்லை. மறைந்த என் நண்பனுக்கு எழுதிய மடலைப் படிக்கப்போகிறேன். கேளுங்கள்.

நண்பா! இன்று காலை பேச்சுக் குறிப்பைத் தேடியபோது, ஏட்டின் நடுவிலிருந்து ஒரு பெட்டிச் சீட்டு விழுந்தது. மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தில் பெட்டிகளில் கட்டும் அட்டை. பக்க அடையாளத்துக்கென நீ தந்தது. அதன் சணல்நூல் இன்னும் அறவில்லை.

நீ வானூர்தியில் பெட்டி ஏற்றியவன். ஒருநாளும் அதில் ஏறியதில்லை. “தில்லி எத்தனை கல் தொலைவு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கல்லா? மைலுன்னு கேளு தலைவரே, கல்லுன்னா கால்ல குத்தும்” என்று சிரித்தாய். “ஆயிரத்து நூறு மைலாம். ரெண்டரை மணி நேரம். நான் பொட்டிய ஏத்தி வுட்டுட்டு, சைக்கிள மிதிச்சி, இந்த கேட்டுல நின்னு, வூட்டுக்குப் போயி சோறு துன்றதுக்குள்ள, அவன் டில்லில எறங்கி டீ குடிச்சிகினு இருப்பான்.”

நானும் சிரித்தேன். அன்றே சினந்திருக்க வேண்டும்.

அந்த மாசிக் காலையில் உனக்கு நெஞ்சு வலித்தது. வாடகை வண்டியில் உன் தலையை என் மடியில் தாங்கி வந்தேன். மருத்துவமனை பாதைக்கு அப்பால், ஒரே கல் தொலைவு. கதவு மூடியிருந்தது. இறங்கி ஓடிக் கதவு காப்பவரிடம் கெஞ்சினேன்.

“குறுக்க கூட்ஸ் வண்டியே நின்னுகினு கீது சார். நான் தொறந்தா மட்டும் நீ எப்டி போவே?”

அவர் கண்களும் கலங்கியிருந்தன.

தலைக்குமேல் பேரோசை. அன்று உன் கை படாத பெட்டிகளோடு தில்லி வானூர்தி எழுந்தது. நீ கண் திறந்தாய்.

“நம்ம வண்டி கெளம்பிட்ச்சி. அது மொதல்ல போய்ச் சேருதா, நான் மொதல்ல போய்ச் சேர்றனா, பாரு தலைவரே.”

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. அதற்குள் வானூர்தி இருநூறு கல் பறந்திருக்கும். நீ ஒரு கல்லைக் கடக்கவில்லை. போட்டியில் நீயே வென்றாய்.

வானத்தைச் சுருக்கத் தெரிந்தவர்களுக்கு, மண்ணில் நாலு தண்டவாளத்தைத் தாண்டப் பாலம் கட்டத் தெரியாதா? தெரியும். தில்லிக்கு விரைவோர்க்குக் கதவு இல்லை. அவர்தம் பெட்டி சுமந்தவனுக்கே கதவு! இதைப் பொறுத்திருந்த குற்றம் எனக்கும் உண்டு. ஊர் ஊராக மேடையேறி முழங்கினேன். என் தெருமுனைக் கதவைப் பற்றி ஒரு சொல் சொன்னேனில்லை.

உன் சீட்டு இனி என் சட்டைப்பையில் இருக்கும், நண்பா, பாலம் எழும்வரை.

ஆள்வோரே! ஆயிரத்து நூறு கல்லை இரண்டரை மணியாக்கிவிட்டீர்கள், மகிழ்ச்சி. நாங்கள் கேட்பது ஒரே ஒரு கல். பாலத்தின் அடிக்கல். அதை இன்றே, இவ்விடத்திலேயே நாட்டுங்கள்!