பாவுக்கஞ்சி அரிசி

12-11-1974

பிடித்துவிட்டார்கள். ஆற்காட்டில் அக்காள் கொடுத்த ஆறு படி அரிசியைத் துணி மூட்டைக்குள் வைத்து பஸ்ஸில் வந்தேன். ஜில்லா விட்டு ஜில்லா அரிசி கொண்டுவரக் கூடாதாம். தாமலுக்குப் பக்கத்தில் செக்போஸ்டில் இறக்கி மூட்டையை உதறினார்கள். "எதுக்கும்மா இவ்ளோ அரிசி?" என்றார் போலீஸ்காரர். "பாவுக்குக் கஞ்சி போட" என்றேன், தறியில் ஏற்றும் நூலை விறைப்பாக்கத்தான் என்பதுபோல.

ஏன் அப்படிச் சொன்னேன்? மழையில்லை, ரேஷன் கடையில் அரிசியைக் கண்டு எத்தனையோ நாளாகிறது. ஆனால் பட்டு நெய்யும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பஸ் முழுக்கக் கேட்க எப்படிச் சொல்வது? அரிசியைப் பிடுங்கிக்கொண்டு, கேஸ் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

15-11

ஜெயிலில் போட்டுவிட்டால் பிள்ளைகள்?

19-11

நானும் என் வீட்டுக்காரரும் வக்கீல் கோதண்டபாணியைப் பார்த்தோம். நான் சொன்ன பொய்தான் வினையாம். "தொழிலுக்குன்னு நீயே சொல்லிக்கினியேம்மா. கடத்தல்னு ஆக்கிடுவாங்க. கோர்ட்ல பசின்னு சொல்லு" என்றார். பேப்பரையும் படித்துக் காட்டினார். ரோமாபுரியில் தேசங்களெல்லாம் கூடி, பசியில்லாமல் வாழ்வது ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் உரிமை என்று தீர்மானம் போட்டிருக்கிறார்களாம்.

"அது இங்க செல்லுமா சார்?"

"இப்போதைக்கு செல்லாதும்மா. சொல்லிப் பாப்பேன். ஆனா மொதல்ல நீ வாயத் தொறக்கணும்."

எரிச்சலாக வந்தது. அங்கே கூடினவர்களில் யாரையாவது எழுந்து நின்று "நான் பட்டினி" என்று சொல்லச் சொன்னார்களா?

20-11

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். "பசின்னு சொல்லாத காந்தா. மொதலாளி காதுல உழுந்தா, அவரு குடுத்த பட்டு நூலை வித்துத் தின்னுடுவோம்னு நெனச்சுக்குவாரு. அப்புறம் பாவே குடுக்க மாட்டாரு."

ஜெயிலா, தறியா? ஐயோ, யாரைப் போய்க் கேட்பேன்.

25-11

கோர்ட்டில் கடைசி பெஞ்சில் முதலாளியின் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அரிசி எதற்கு?" என்றார் மாஜிஸ்டிரேட். மெல்லச் சொன்னேன். "கேட்கவில்லை. உரக்கச் சொல்."

"பசிங்க. பாவுக்கு இல்லீங்க. புள்ளைங்க கெழங்கு தின்னுக்கினு கெடக்குதுங்க."

வக்கீல் ரோமாபுரியை ஆரம்பித்தார். அதெல்லாம் இங்கே செல்லாது, உட்காருங்கள் என்றுவிட்டார் மாஜிஸ்டிரேட். ஆனால் என்னை எச்சரித்து விட்டுவிட்டார். அரிசி திரும்பி வராது. வெளியே வந்து அழுதேன்.

27-11

முதலாளியின் ஆள் வந்தான். பாதி நெய்த பாவைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டு போனான். என் வீட்டுக்காரர் காலித் தறியைத் துடைத்து வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

1-12

கோர்ட்டில் நான் சொன்னதைக் கேள்விப்பட்டு எதிர்வீட்டு ரேணுகாம்பாள் பின்பக்கமாக வந்தாள். அவர்கள் வீட்டில் வேளை தவறாமல் புகை வருமே என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். வெறும் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்தாளாம். "உங்க அக்கா ஊட்டுக்கு மறுபடியும் எப்போ போறே? நானும் வரேன். பக்கத்து ஊட்டு வள்ளியும் வராளாம்."

இரண்டாம் முறை பிடித்தால் விடமாட்டார்கள். நாளைக் காலை முதல் பஸ். கேட்டால் மூன்று பேரும் பசி என்றே சொல்வதென்று பேசிவைத்திருக்கிறோம்.