நோன்பு திறக்காத பாவனையாளர்கள்

மார்ச், திங்கள்
காலையிலேயே வெயில் நெருப்பு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் பஸ்ஸில் நின்றபடி. இன்று: பஸ்லிக்கு ஒப்பந்தம் அனுப்ப, செருப்பு தைக்க.

எங்கள் கொம்பனிக்குச் சொந்தமாக ஒரு போன், அதற்கென்று ஒரு செயலிக் கடை. கடை உண்டு, சரக்கு இல்லை. செயலி எழுதுகிறவர்களைக் கெஞ்சிக் கூட்டி வருவது என் வேலை. செயலியைப் பாவிக்கிற பாவனையாளர் இல்லாத இடத்துக்கு எவன் வருவான்?

தெஹிவளை பஸ்லி மட்டும் மடங்கியிருக்கிறான். அவனுடையது நோன்புச் செயலி. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும், பொழுதுபட நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு மணி அடிக்கும். இப்போதைக்கு எங்கள் கடையில் பரீட்சார்த்தமாக. ஒப்பந்தம் போட்டால் மற்றக் கொம்பனியின் செயலிக் கடையிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். அங்கேதான் அவனுக்கு நிஜமான சனம். பெருநாள் கழியக் கையெழுத்து. என் வார்த்தையை நம்பி.

செவ்வாய்
பஸ்லியின் செயலிக்குப் பாவனையாளர் குவிகிறார்களாம். எங்கள் மேலாளர் சேர் கேக் வாங்கித் தந்தார். கிறிஸ்தவனுக்குத் தவக்காலம், வேண்டாம் என்றேன். அவர் கேக் வாங்கினாலே எனக்குச் சந்தேகம். போன முறை வாங்கிய கிழமைதான் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்.

புதன்
எந்நேரம் எத்தனை பேர் செயலியைத் திறக்கிறார்கள் என்ற வரைபடத்தைப் பார்த்தேன். பாவனை காலை ஒன்பதுக்கு ஏறுகிறது, பகல் சாப்பாட்டுக்கு இறங்குகிறது, ஐந்துக்குப் படுத்துவிடுகிறது. சஹருக்கு ஒருவருமில்லை. இஃப்தாருக்கும் இல்லை. இது எந்த ஊர் நோன்பு? எங்கள் ஒபிஸ் நேரமல்லவா? மேல்மாடியில் எப்போதும் பூட்டிய அறை ஒன்று. உள்ளே புதிதாக வந்தவர்கள். "சோதனைக் குழு"வாம்.

வாய் சும்மா இருக்கவில்லை. இஃப்தாருக்கு ஒருவரும் திறப்பதில்லையே என்று சேரிடம் கேட்டேன்.

"நல்லாக் கவனிச்சிருக்கிறீர்" என்றார். முகத்தில் சந்தோஷம். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளி
தூறல். பகலுக்கு மீன் ரொட்டி.
நேற்று சஹருக்கு ஒரு ஏற்றம், இஃப்தாருக்கு ஒரு ஏற்றம். ஒரே இரவில் மேல்மாடியில் எல்லாருக்கும் பக்தி வந்துவிட்டது. கள்ளனுக்குப் பூட்டின் திறப்பை எடுத்துக் கொடுத்த மடையன் நான்.

பஸ்லி கூப்பிட்டான். குரலில் சிரிப்பு. "பாத்தீங்களா அண்ணே, இஃப்தாருக்கு எல்லாரும் தொறக்கிறாங்க. நான் சைன் பண்றேன்."

சொல்ல வாயெடுத்தேன். கையில் ஆதாரம் இல்லை. என் வேலையும் நினைவுக்கு வந்தது. வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டேன். வெட்கம்.

இரவு செய்தி: பிறை கண்டாயிற்று. நாளை பெருநாள்.

சனி
பஸ்லி வீட்டிலிருந்து பெருநாள் இனிப்பு, வட்டிலப்பம், வந்தது. தவக்காலத்தை மறந்து சாப்பிட்டேன்.

இரவு வரைபடத்தைத் திறந்தேன். சஹருக்கு ஏற்றம். இஃப்தாருக்கும் ஏற்றம், நேற்றையைப் போலவே. பெருநாளன்று நோன்பு பிடிக்கக் கூடாது என்பது வேதக்காரனான எனக்கே தெரியும். மேல்மாடிக்கு யாரும் சொல்லவில்லை. இம்முறை நானும் சொல்லவில்லை.

படமெடுத்து பஸ்லிக்கு அனுப்பினேன். வேலை போனால் போகட்டும்.

அவனிடமிருந்து ஒரு வரி.

"இண்டக்கி யாரு அண்ணே நோன்பு?"