லேபலில் இல்லாத சிரிப்பு

அக்கா,

இன்று அலுமாரியின் அடித்தட்டை ஒதுக்கும்போது ஒரு பழைய சொப்பிங் பேக் கையில் தட்டுப்பட்டது. முடிச்சை அவிழ்த்ததும் வறுத்த மல்லியும் பெருஞ்சீரகமும் மூக்கில் ஏறின. உள்ளே கறித்தூள் இல்லை. ஒருபோதும் ஒட்டப்படாத லேபல் சுருள்தான் இருந்தது. உங்கள் அடுப்படியில் ஒரு கிழமை கிடந்த கடதாசி அது. இத்தனை வருடம் கழித்தும் மணம் போகவில்லை. ஒவ்வொரு லேபலிலும் நீங்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இருக்கிறீர்கள். நீங்கள் காலமாகி ஆறு மாதம் ஆகிவிட்டது. செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. வேலை இருந்தது என்று உங்கள் தங்கச்சியிடம் போனில் சொன்னேன். பொய். அவவின் முகத்தில் முழிக்கப் பயம்.

நாம் சந்தித்தது சுனாமிக்கு அடுத்த வருடம். நாவலடியில் வீட்டையும் கணவரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, தங்கச்சி வீட்டுப் பின்பக்கம் தகரம் போட்டு, இரவல் தாச்சியில் தூள் வறுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் சிறுதொழில்களை வளர்த்துவிட வந்த ஒரு நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் அலுவலர். மூன்று மாதப் படிப்பு. வாய் மட்டும் முப்பது வருட அனுபவம் பேசும். "உங்கட வாடிக்கையாளர் ஆர் அக்கா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். நீங்கள் வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினீர்கள்.

"பழுகாமத்தில ஒரு வயல்கார வீடு. அவங்களுக்கு உறைப்புக் கூட வேணும், மல்லியக் கருக வறுக்கணும். கொக்கட்டிச்சோலையில கோயிலுக்குக் கிட்ட உள்ள வீட்டில மீன் எடுக்கிறல்ல, மரக்கறிக்கு மட்டுந்தான். அடுத்த வீட்டில மகள் புள்ளப் பெத்திரிக்கு, அதுக்கு மிளகு போட்டு வேற தூள்."

இருபதுக்கு மேற்பட்ட வீடுகள். எதையும் நீங்கள் எழுதி வைக்கவில்லை. கிழமைக்கு ஒருக்கா மண்முனைத் துறையில் 'பாதை' என்று நாம் சொல்லும் அந்த மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்குப் போவீர்கள். ஒவ்வொரு அடுப்படியிலும் குந்தி, போன தூளில் என்ன குறை என்று கேட்பீர்கள். அடுத்ததை அதற்கேற்ப வறுப்பீர்கள். நான் படிவத்தில் எழுதினேன்: "தூளுக்கு நிலையான தரம் இல்லை." எழுதிய அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

ஒரே தூள், ஒரே பக்கெற், கொழும்புக் கடைகள். இதுதான் என் திட்டம். உங்கள் தொழிலுக்கென்று அளவெடுத்துத் தைத்த திட்டம் என்று சொன்னேன். அது முன்பே தைத்து முடிந்து வந்தது அக்கா. அதற்குள் உங்களைத் திணித்தது மட்டும்தான் என் வேலை.

படம் பிடிக்கிற அன்று தங்கச்சியின் கத்தரிப்பூச் சேலையை உடுத்துக்கொண்டு வந்து, கமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தீர்கள்.

"சிரிக்க வேணாம் அக்கா. கீழ பாருங்க."

"ஏன்கா புள்ள? தூள் விக்கிறவ மூஞ்சிய நீட்டிக்கொண்டு இரிந்தா ஆரு வாங்குவா?"

"கொழும்பில அப்பிடி இருந்தாத்தான் வாங்குவாங்க."

படத்தின் கீழே "சுனாமியில் கணவரை இழந்த பெண்ணின் கைமணம்" என்று அச்சடித்தோம். வாங்கினார்கள். அதுதான் கேடு. ஓடருக்கு மேல் ஓடர் வந்தது. அரைக்கிற மெசின் வந்தது, இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். உங்கள் கதை நிறுவனத்தின் அறிக்கையில் வந்தது, எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

பிறகு படுவான்கரையில் சண்டை மூண்டு, சனம் வாவியைக் கடந்து இக்கரைக்கு ஓடி வந்தது. ஒரு காலை தூளோடு வெளிக்கிட்டு நின்றீர்கள்.

"என்ட பழுகாமத்து வீடு முகாமில இரிக்காம். குடுத்திட்டு ஓடி வாறன்."

"வெள்ளிக்கிழமை ஓடர் போகணும் அக்கா. முகாமில இருக்கிறவங்க தூள் வாங்கவா போறாங்க?"

"அவங்க சோறு தின்னுறல்லயா?" என்று மட்டும் கேட்டீர்கள். பையை வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினீர்கள். அந்த வெள்ளி போய் அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி. உங்கள் வீடுகள் ஊர் திரும்பியபோது கடையில் கொம்பனித் தூள் வாங்கப் பழகிவிட்டன.

சண்டை முழுதாக முடிந்த வருடம் கொழும்புக்குச் சுனாமி அலுத்துப்போனது. ஓடர் குறைந்தது. கதையைப் புதுப்பிக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசினார்கள். தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புது லேபல் அடித்துக் கொண்டுவந்து தந்தேன். அதே படம். கீழே, "போரில் கணவரை இழந்த பெண்ணின் கைமணம்."

எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தீர்கள். "அவர் கடலில போனவர்" என்றீர்கள்.

"தெரியும் அக்கா. இது விக்கிறதுக்காகத்தான்."

"ஒருக்காச் செத்த மனுசன இன்னொருக்காச் சாகச் சொல்லுறீங்களா? சண்டையில மெய்யாவே ஆக்களப் பறிகுடுத்தவங்க அங்கால இரிக்காங்க. அவங்கட மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பன்?"

ஒரு கிழமை கழித்துச் சுருளை இந்தச் சொப்பிங் பேக்கில் போட்டு அப்படியே திருப்பித் தந்தீர்கள். அதே பையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலமும் இருந்தது. "அம்மாக்கு வயித்தெரிவு எண்டு சொன்னீங்கதானே. மிளகாய் குறைச்சு வறுத்திரிக்கன். குறை என்னெண்டு மறுகா வந்து சொல்லுங்க." அம்மாவின் வயிற்றெரிவை நான் சொன்னது நாம் சந்தித்த முதல் நாளில். எனக்கே மறந்துபோயிருந்தது. குறை ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்லிவிடச் சொன்னா. நான் வரவில்லை. திட்டம் முடிந்தது என்று நிறுவனம் வாகனம் ஏறிவிட்டது, அதில் நானும் ஏறிவிட்டேன்.

மெசின் ஓடாமல் கிடந்து கரல் பிடித்ததை, நீங்கள் திரும்பவும் பாதை ஏறியதை, எல்லாம் தங்கச்சிதான் போனில் சொன்னா. ஐந்து வீடுகள்தான் திரும்பச் சேர்ந்தனவாம். கடைசிவரை அந்த ஐந்துக்கும் ஐந்து விதமாக வறுத்தீர்களாம்.

நான் இப்போது சிறுதொழில் செய்பவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன் அக்கா. முதல் பாடம் உங்களுடையது: வாங்குகிறவரின் அடுப்படியில் போய்க் குந்து, குறையைக் கேள். மிஸ் நல்லாச் சொல்லித் தருகிறா என்று வகுப்புக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்படிக் குந்தியவரை எழுப்பிவிட்டது ஆர் என்று நான் அங்கே சொல்வதில்லை.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு லேபலிலும் அந்தக் கீழ் வரியை வெட்டி எறிகிறேன். பாதி முடிந்தது. வரி போய்விடுகிறது. மேலே மிஞ்சுகிற முகத்தில் சிரிப்பு இல்லை. அன்று நான் வேண்டாம் என்று சொன்ன அந்தச் சிரிப்பு இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது அக்கா?