இரண்டாவது பொட்டலம்

ஞாயிறு இரவு, எடப்பாடி.

விடுமுறை முடியப் போகிறது. நான் சியோல் வேலைக்குத் திரும்பலாமா என்று இன்று குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார்கள். வெள்ளரளி வந்தால் போகலாம், செவ்வரளி வந்தால் போகக் கூடாது. அம்மாதான் இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்தாள்.

"நீயே எடு சாமி" என்றாள்.

எடுத்தேன். சிவப்பு.

"சாமியே சொல்லிப்போடுச்சுங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வெளியே போனாள்.

சியோலில் காசை மிச்சம் பிடிக்க டாக்ஸி பக்கமே போகமாட்டேன். லீவு நாளில் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, பெயர் தெரியாத சந்தையில் இறங்கி, கடையில் சோற்றுருண்டை வாங்கித் தின்றபடி ஆற்றோரமாக நடப்பேன். வழி தவறினாலும் பயந்ததில்லை. எந்த முக்கிலும் இன்னொரு பஸ் இருக்கும்.

கோயிலில் எல்லோரும் பொங்கல் பானையருகே போனதும் மீதமிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்புதான். கோயிலென்றும் பார்க்காமல் கத்தியிருக்க வேண்டும்; கத்தவில்லை. மடித்துப் பழையபடி வைத்துவிட்டு வந்தேன்.

ராத்திரி சோறு போடும்போது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏஞ்சாமி, அந்த இன்னொன்னைப் பிரிச்சுப் பாத்தியா?"

"இல்லைங்கம்மா" என்றேன்.

நம்பியவள் போல இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.