இறுக்காமல் விட்ட திருகாணி

அக்கா,

எழுந்ததும் மெஷினை ஓட்டிப் பார். இனித் தையல் விடாது. நேற்றும் தப்பு உன் கையில் இல்லை. புது மோட்டார் மாட்டியபோது, அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியையும் கழற்றித் துடைத்தேன் இல்லையா? திரும்பப் போட்டபோது அதன் திருகாணியை நான்தான் சரியாக இறுக்கவில்லை. வேகம் கூடியதும் கொக்கி நழுவியிருக்கிறது. காலையில் திறந்து பார்த்ததும் கூனிக் குறுகிப் போனேன்.

பை தைக்கக் கொடுத்த கடைக்காரர் முன்னால் நான் என்ன சொன்னேன்? "மெஷினைப் புதுசாக்கிட்டேன். அக்கா கையை எப்படிப் புதுசாக்கறது?" அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நீ தையல் விட்ட இருபது பைகளையும் பிரிக்க உட்கார்ந்தாய். அந்தக் கை தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னேன்.

கடை திறக்கும்போது அங்கே நிற்கப் போகிறேன். அவர் முன்னால் சொன்னதை அவர் முன்னாலேயே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பைகள் சாயங்காலம்தான் வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். நீ அவசரப்படாதே.

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. ராத்திரியும் நீ சாப்பிடவில்லை. மிதியை லேசாகத் தொட்டாலே ஓடும், அழுத்தாதே. ஒரு சாவி என்னிடம் இருக்கிறது, கதவைப் பூட்டிக்கொள்.

தம்பி

ஒன்றை எழுதாமல் மறைத்துவிட்டேன். நேற்று முதல் பையில் தையல் விட்டபோதே அந்தத் திருகாணி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் முன்னால் ஒத்துக்கொள்ள மனசு வராமல்தான் பழியை உன் கைமேல் போட்டேன். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லை, அதனால்தான் நீ எழுவதற்குள் கிளம்புகிறேன்.